பொருள்: கோரல் ப்ரெலூட் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

கோரல் ப்ரெலூட் என்பது, லுத்தரன் தேவாலயத்தில் சபையார் பாடும் பாட்டின் (கோரல்) மெட்டை வைத்து, பாட்டுக்கு முன்னால் ஆர்கனில் வாசிக்கும் உருப்படி. அதற்கான தமிழ்ச்சொல் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்:

> பாட்டுக்கு முன்னால் வருவதுதானே, ‘ஆலாபனை’ என்றே வைத்துவிடலாமே.

ஆலாபனை வேண்டாம். அதில் ராகம் வரும். கீர்த்தனையின் மெட்டு வராது, தாளமும் கிடையாது. இங்கே சபையார் பாடப்போகும் மெட்டு பெரும்பாலும் முழுசாகவே, தாளத்தோடு, எழுதிய சுரங்களாக உள்ளே இருக்கிறது. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் 639ஆம் எண் உருப்படியைக் கேளுங்கள் (இந்த எண்கள் எல்லாம் அவர் படைப்புகளின் BWV பட்டியலில் உள்ளவை). மேலே மெட்டு, லேசான அலங்காரத்தோடு. நடுவில் நிற்காமல் ஓடும் ஒரு குரல், அதாவது தனி இசை வரி. கீழே, காலால் வாசிக்கும் கால்கட்டைகளில் ஒரே சீரான நடை. மூன்றே குரல்கள், அவ்வளவுதான். 645இல் இன்னும் வேடிக்கை: வலக்கை வாசிக்கும் அழகான மெட்டைத்தான் பாட்டு என்று நினைத்துக்கொள்வோம். ஜெர்மன் போதகர் நிக்கோலாய் 1599இல் வெளியிட்ட அசல் பாட்டோ இடக்கையில் நிதானமாக நுழையும்.

சபைக்கு மெட்டு பிடிபட வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை. 1706இல் ஜெர்மனியின் ஆர்ன்ஸ்டாட் நகரத் திருச்சபை மேலிடம், அங்கே ஆர்கன் வாசித்த இளைஞர் பாக்கைக் கூப்பிட்டுக் கண்டித்ததும் அதற்காகத்தான்: பாட்டுக்குள் விசித்திரமான மாறுதல்களைப் புகுத்தி சபையைக் குழப்புகிறார் என்று. வாசிப்பு ரொம்ப நீளம் என்று சொன்னால் அடுத்த தடவை ரொம்பச் சுருக்கிவிடுகிறார் என்றும் புகார்!

இன்னொரு யோசனையான ‘துதிப்பாடல் முன்னிசை’யும் எனக்குச் சரிப்படவில்லை. 639 துதியல்ல, மன்றாட்டு. 622 பாவத்தை நினைத்து அழச் சொல்லும் பாட்டு. தமிழ் லுத்தரன்களிடம் ‘ஞானப்பாட்டு’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியதும் அதே 1706தான். பின்னால் வந்த மிஷனரி பப்ரிசியஸ் ஜெர்மன் பாட்டுகள் பலவற்றைத் தமிழாக்கினார். கீர்த்தனை வேறு, ஞானப்பாட்டு வேறு என்று அந்தச் சபைகளில் யாரும் சொல்வார்கள். ஆகவே என் பரிந்துரை: ஞானப்பாட்டு முன்னிசை.

> பிராம்ஸ் 1896இல் எழுதிய 11 உருப்படிகளைத் தனியாகவே வாசிக்கிறார்களே, அவையும் முன்னிசையா?

ஆமாம், இருக்கட்டும். பியானோ இசையமைப்பாளர் ஷோப்பேனின் 24 ப்ரெலூட்களுக்குப் பின்னாலும் எதுவும் வருவதில்லை; வடிவத்தின் பெயராக நிலைத்துவிட்டது. ஞானப்பாட்டு மெட்டில் எழுந்த ஃபியூக், பார்ட்டிட்டா போன்ற மற்ற இசை வடிவங்களும் சேர்ந்த பொதுப்பெயர் வேண்டுமென்றால் ‘ஞானப்பாட்டு ஆர்கன் உருப்படி’ என்று விரித்துக்கொள்ளலாம்.

அப்புறம், கான்டஸ் ஃபிர்மஸுக்கு (உருப்படிக்கு அடிப்படையாக எடுத்துக்கொள்ளும் மெட்டு) முன்மொழியப்பட்ட ‘நிலைமெட்டு’. 622இல் அந்த மெட்டு ஒரு இடத்தில் நிற்கிறதா என்ன? அலங்காரத்துக்குள் தேடித்தான் பிடிக்க வேண்டும். ‘மூலமெட்டு’ பொருந்தும் என்று நினைக்கிறேன்.

ஆர்கனை ஆர்கன் என்றே விட்டுவிடுவோம். ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ‘ஞானப்பாட்டு முன்னிசை’, ‘மூலமெட்டு’ இரண்டையும் விக்சனரியில் ஏற்றிவிடலாம்.