புதுப்பிப்பு: பெரியப்பா ஏன் எழுந்து போனார்?

பாளையங்கோட்டை வீட்டு மாடியில் 2017-இல் வந்த, சோவியத் தலைவர் ஸ்டாலினின் சாவையும் அதன்பின் நடந்த பதவிச் சண்டையையும் கிண்டல் பண்ணும் 'தி டெத் ஆஃப் ஸ்டாலின்' படத்தைப் போட்டதையும், நானும் மச்சானும் உருண்டு சிரிக்க, பெரியப்பா பாதியிலேயே இறங்கிப் போனதையும் போன வாரம் எழுதியிருந்தேன். ஏன் போனார் என்று நேற்று கேட்டேவிட்டேன்.

மனுஷர் விக்கிரமசிங்கபுரம் மில்லில் சங்கம் நடத்தியவர். கம்யூனிஸ்ட் கட்சியைக் கிண்டல் பண்ணிய கோபம் என்றே நினைத்திருந்தேன். "அதெல்லாம் இல்லலே. ஸ்டாலின் தரையில கெடக்கான், டாக்டரக் கூப்பிட ஒருத்தனுக்கும் தைரியம் இல்ல. நல்ல டாக்டர எல்லாம் இவனே உள்ள தள்ளிட்டான். இதுல சிரிப்பு எங்க இருந்துலே வருது?"

எனக்குச் சிரிப்பு வந்ததே அந்த இடத்தில்தான்! மருத்துவர்களைக் கைதுசெய்தது நிஜமாக நடந்ததுதான். அது தெரிந்த பிறகு இப்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

ஆச்சிக்கு ரஷ்யாவும் தெரியாது, ஸ்டாலினுக்கு அப்புறம் ஆட்சியைப் பிடித்த குருஷேவும் தெரியாது. முழுசாகப் பார்த்தவள் அவள்தான். "துட்டி வீட்டுல சாவிக்கொத்தத் தேடுதவனுவ மாதிரில்லா இருக்கானுவ!"

2018 ஜனவரியில் ரஷ்யா இந்தப் படத்தின் திரையிடல் அனுமதியை ரத்து செய்ததையும் பெரியப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"தடுத்துட்டானுவளா? அப்பம் ஞாயித்துக்கெழம மிச்சத்தையும் போடு."