5 வயது நாயைக் கூண்டில் பழக்க முடியுமா? காலில் பிளேட் வைத்திருக்கிறது, உதவுங்கள்

கேள்வி (தங்கச்சிமடம்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் செவலைக்கு 5 வயது, சிப்பிப்பாறைக் கலப்பு, பெண். 12 நாளுக்கு முன்னால் ரோட்டில் பைக் மோதி பின்னங்கால் முறிந்துவிட்டது. 150 கிலோமீட்டருக்கு மேல் வேனில் படுக்க வைத்து மதுரைக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்துக் கூட்டி வந்தோம். 6 வாரத்துக்கு ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, கூண்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கூண்டு வாங்கியாச்சு, ஆனால் செவலை பிறந்ததிலிருந்து வேப்பமரத்தடியில் கிடந்த நாய், மழைக்குக்கூட திண்ணையைத் தாண்டி உள்ளே வராது. முதல் நாள் ராத்திரி தூக்கி உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினோம். 2 மணி வரைக்கும் அழுகை, கம்பியைக் கடித்து ஈறில் ரத்தம், முன்னங்கால் நகம் ஒன்று பிய்ந்துவிட்டது. பார்க்க முடியாமல் அம்மா திறந்துவிட்டார்கள். இப்போது அடுப்படி மூலையில் சங்கிலியில் கிடக்கிறது. இதுவே போதும், கூண்டு எதற்கு, பாவம் என்கிறார்கள் அம்மா.

அப்பா விசைப்படகில் போகிறவர். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் வீட்டில் இருக்கிறார், அது முடிய இன்னும் 3 வாரம்தான். ஜூன் 15க்கு அப்புறம் அப்பா கடலுக்குப் போய்விடுவார், அம்மா விடிகாலையில் கருவாட்டு வேலைக்குப் போனால் மதியம்தான் வருவார்கள், எனக்கும் கல்லூரி திறந்துவிடும். வீடு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சங்கிலியே போதுமா? கூண்டுதான் என்றால், இவ்வளவு பயந்துபோன பிறகு எப்படிப் பழக்குவது?

பதில் (கீழக்கரை)

தங்கச்சி, முதலில் சங்கிலியை எடுத்துவிடுங்கள். வாசலில் யாராவது வந்தால் நாய் பாயும், சங்கிலி முழு நீளம் போய் வெடுக்கென்று இழுக்கும், அப்போது உடம்பு பாரம் முழுக்க அந்தப் பின்னங்காலில்தான் திருகிக்கொண்டு இறங்கும். பிளேட் வளைவதும் ஸ்க்ரூ கழன்று வருவதும் இப்படித்தான்.

பெரிய நாயைப் பழக்கலாம், குட்டியைவிட நாள் கூடும், அவ்வளவுதான். ஆனால் முதல் ராத்திரி நடந்ததை அது மறந்திருக்காது. அதனால் கூண்டை இப்போது இருக்கும் இடத்திலிருந்து மாற்றுங்கள், கதவைக் கழற்றி எடுத்துவிடுங்கள். 2 நாளைக்கு யாரும் அதை உள்ளே போகச் சொல்ல வேண்டாம், தூக்கி வைக்கவும் வேண்டாம். சாப்பாட்டுத் தட்டை முதலில் கூண்டு வாசலில் வையுங்கள், அடுத்த வேளை ஒரு சாண் உள்ளே, அதற்கடுத்த வேளை இன்னும் கொஞ்சம். நாலு காலும் உள்ளே வைத்து நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் கதவை மாட்ட வேண்டும். சாப்பிடும்போது சாத்தி, தட்டு காலியாவதற்கு முன்னாலேயே திறந்துவிடுங்கள். அப்புறம் 1 நிமிடம், 5 நிமிடம், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து 15 நிமிடம். பிறகு எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டு உடனே வாருங்கள். ஒரு படியில் அழுதால் வேகமாகப் போய்விட்டோம் என்று அர்த்தம், அடுத்த முறை முந்தின படிக்கு இறங்கிவிடுங்கள்.

அதுவரை காலுக்கு ஓய்வு வேண்டுமே என்றால், சுவர் மூலையில் ஒரு கட்டிலைச் சாய்த்து வைத்து 4 அடிக்கு 4 அடி மறைப்பு செய்து, பக்கத்திலேயே ஒருவர் பாய் போட்டுப் படுங்கள். கூண்டு என்ன அளவு? மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து 4 அங்குலம் கூட்டினால் அதுதான் குறைந்தபட்ச நீளம். தலை இடிக்காமல் நிற்க வேண்டும், முட்டாமல் திரும்ப வேண்டும். புண்ணை நக்காமலிருக்கக் கழுத்தில் புனல் மாட்டியிருந்தால் அகலமும் கூடுதலாகத் தேவை. கழுத்துப் பட்டையை உள்ளே விடும்போது கழற்றிவிடுங்கள், கம்பியில் மாட்டினால் மூச்சு முட்டிவிடும்.

பதில் (தொண்டி)

எங்கள் வீட்டில் 2 நாய் வளர்த்தோம். அழுதால் அழட்டும் என்று விட்டுவிடுங்கள், மூன்றாம் நாள் தானாக அடங்கிவிடும். திறந்துவிட்டால் அழுதால் திறப்பார்கள் என்று கற்றுக்கொள்ளும்.

பதில் (மண்டபம்)

தொண்டி அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள், இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். எங்கள் நாயை அப்படித்தான் விட்டோம். மூன்றாம் நாள் சத்தம் அடங்கியது உண்மை, கிட்டப் போய்ப் பார்த்தால் கோரைப் பல் பாதி உடைந்து வாயெல்லாம் நுரை. அது அடங்கவில்லை, ஓய்ந்துபோயிருந்தது. அதற்கு அப்புறம் கூண்டுக் கம்பி சத்தம் கேட்டாலே ஒன்றுக்கு போய்விடும். சும்மா அடம்பிடித்து முனகுவது வேறு, நகம் பிய்யக் கம்பியைப் பிறாண்டுவது வேறு. இந்தத் தங்கச்சி சொல்வது இரண்டாவது.

தங்கச்சி, ஆபரேஷன் செய்த டாக்டருக்கே போன் போட்டு ஈறு ரத்தத்தையும் சொல்லுங்கள். பதற்றம் குறைய நாய்களுக்கென்று அவர்கள் எழுதித் தரும் மாத்திரை இருக்கிறது, இந்த மாதிரிக் கட்டாய ஓய்வுக்கு அதைக் கொடுப்பது வழக்கம்தான். வலி இருந்தாலும் நாய் கூண்டில் நிலைகொள்ளாது, அதையும் கேளுங்கள். ஆனால் வீட்டில் இருக்கிற பாராசிட்டமால், டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் எதையும் கொடுத்துவிடாதீர்கள். நாய்க்கு வயிறு புண்ணாகும், ஈரல், சிறுநீரகம் கெட்டுப்போகும்.

தனியாக விட்டுப் பார்க்கும்போது ஒரு போனை ஜன்னலில் வைத்து வீடியோ எடுங்கள். நாம் போன முதல் அரைமணி நேரம் என்ன செய்கிறது என்பதில் எல்லாம் தெரிந்துவிடும்.

பதில் (உச்சிப்புளி)

கூரையைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஆஸ்பெஸ்டாஸ் வீட்டில் மே மாத மதியம் கூண்டுக்குள் நாய் இருந்தால் அதற்கு நகர்ந்து போக இடமில்லை. நாய் மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும், நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்று நுழையும் ஜன்னலுக்கு நேராகத் தரையில் வையுங்கள், வெயில் விழும் இடம் ஆகாது. கூண்டைச் சுற்றிப் போர்வை மூடச் சொல்வார்கள், நம்ம ஊருக்கு அது வேண்டாம். மேலே மட்டும் நனைத்த கோணிச் சாக்கு போடுங்கள், கரண்ட் போனாலும் கொஞ்சம் தாங்கும். தண்ணீர்க் கிண்ணத்தைக் கம்பியோடு கட்டிவிடுங்கள், இல்லையென்றால் தட்டிக் கவிழ்த்துவிட்டுத் தாகத்தோடு கிடக்கும். எச்சில் கெட்டியாகி, ஈறு ரத்தச் சிவப்பாகி, நடை தள்ளாடினால் உடனே வெளியே எடுத்துத் தண்ணீர் ஊற்றி விசிறிவிட்டுக்கொண்டே 1962க்கு அடியுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் அது.

சிப்பிப்பாறைக்கு உடம்பில் சதையே கிடையாது, முழங்கை எலும்பு தரையில் உரசிப் புண்ணாகும். கூண்டின் அடித்தட்டு மேல் மடித்த சாக்கு, அதற்கு மேல் பழைய பருத்திச் சேலை. உப்புக் காற்றில் பூச்சு உரிந்து கம்பி துருப்பிடிக்கும், வெல்டிங் முனைகளைத் தடவிப் பாருங்கள்.

கேட்டவர் (9 நாள் கழித்து)

உடனே எழுத முடியவில்லை, மன்னியுங்கள். சங்கிலியை அன்றைக்கே எடுத்துவிட்டோம். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கட்டில் மறைப்பில் அப்பா 4 ராத்திரி கூடவே படுத்தார். கடலுக்குப் போகிற மனுஷன் தரையில் படுத்துக்கொண்டு, அது முனகும்போதெல்லாம் கையை மட்டும் நீட்டி அதன் முன்னங்காலைப் பிடித்துக்கொள்வார்.

சாப்பாட்டுக்கு முதலில் அசையவில்லை. அம்மாதான் சூடை மீனை உப்பில்லாமல் வேகவைத்து, முள் எடுத்து, சோற்றில் பிசைந்து வைத்தார்கள். கழுத்தை மட்டும் நீட்டி, பின்னங்கால்கள் வெளியே நிற்க, முழு உடம்பும் பின்வாங்கத் தயாராக வைத்துக்கொண்டு சாப்பிட்டது. ஐந்தாம் நாள் நாலு காலும் உள்ளே. நேற்று மதியம் 2 மணிக்கு நாங்கள் யாரும் கூப்பிடவில்லை, மெதுவாக உள்ளே போய் இரண்டு சுற்று சுற்றி, ஈரச் சாக்குக்கு அடியில் படுத்துக்கொண்டது. கதவைச் சாத்தினேன், கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. 40 நிமிடம்.

இப்போது இரண்டு சந்தேகம். காலையில் அம்மா போனால் 6 மணி நேரம் ஆகும், அவ்வளவு நேரம் இருக்குமா? வெளியே கூட்டிப் போகும்போது மொசைக் தரையில் கால் வழுக்குகிறது, என்ன செய்வது?

பதில் (கீழக்கரை)

படித்ததும் மனசுக்கு நிறைவாக இருந்தது. 6 மணி நேரம் ஒரே மூச்சில் வேண்டாம், பகலில் 3, 4 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது யாராவது திறந்து ஒன்றுக்கு விட வேண்டும். பக்கத்து வீட்டு அத்தை யாரையாவது இப்போதே பழக்கிவிடுங்கள், அவர்கள் கையாலும் அந்த மீன் சோற்றை ஊட்டச் சொல்லுங்கள். அப்பா வீட்டில் இருக்கும்போதே ஒத்திகை பாருங்கள், எல்லோரும் செருப்பு மாட்டி, சாவி எடுத்து, தெருமுனை வரை போய்விட்டு வாருங்கள். கிளம்பும் நேரத்துக்குக் கேப்பைக் கூழைக் கிண்ணத்தில் ஊற்றி ஃப்ரீசரில் உறைய வைத்துக் கொடுத்தால் நக்கிக்கொண்டே இருக்கும். வெங்காயம் மட்டும் சேர்க்கக்கூடாது. நடமாட்டம் இல்லாததால் சோற்றின் அளவையும் குறையுங்கள், எடை ஏறினால் அதுவும் காலுக்குத்தான் பாரம்.

மொசைக்கில் கூண்டிலிருந்து வாசல் வரை சாக்கை விரித்துவிடுங்கள். பழைய துண்டை வயிற்றுக்கு அடியில், பின்னங்காலுக்கு முன்னால் கொடுத்து இரண்டு முனையையும் மேலே பிடித்துக்கொண்டு கூடவே நடங்கள். தூக்க வேண்டாம், தாங்கினால் போதும். 5 நிமிடத்தில் உள்ளே கூட்டி வந்துவிடுங்கள்.

கேட்டவர்

சரி அக்கா, துண்டு எடுத்து வைத்துவிட்டேன். எதிர்வீட்டு அத்தையிடம் இன்றைக்குச் சாயங்காலமே பேசுகிறேன்.