போட்டி நிறுவனம் காட்டிய அன்பு

அச்சகத்தில் இருந்தவர்:

போட்டியாளர் விலையை அடியோடு குறைத்துத் தம் தொழிலையே முடக்கிவிட்டதாக முன்னே ஒருவர் எழுதியிருந்தார். என் கதை நேர்மாறு. எங்கள் போட்டியாளர்கள் சமாதானம் பேசினார்கள்.

அலுவலகம் ஒன்றுக்குப் படிவங்கள் அச்சிட்டுத் தரும் டெண்டர் அது. விலைப்புள்ளி தயாரிப்பது என் வேலை. கடைசி நாளுக்கு முன்பு போட்டி நிறுவன மேலாளர் தொலைபேசியில் அழைத்தார். "எங்கள் தொகைக்குக் கொஞ்சம் மேலே போட்டுவிடுங்கள். அடுத்த முறை உங்களுக்கு" என்றார். மாதிரிக்கு ஒரு தாளும் வந்தது. முதலாளி தலையசைத்தார். காகிதம், மை, கூலி என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் சிறிது ஏற்றினேன். அந்தப் பொய்யை அவ்வளவு நேர்த்தியாகச் செய்ததுதான் இன்றும் உறுத்துகிறது.

அன்று அது குற்றமாகவே படவில்லை. யாரும் வேலை இழக்கவில்லை, பேச்சில் மரியாதை இருந்தது. பணம் இழந்தவர்களோ எங்கள் கண்ணில் படாதவர்கள்.

பிற்பாடு லைசின் வழக்கைப் படித்தபோது திடுக்கிட்டேன். கால்நடைத் தீவனத்தில் சேர்க்கும் அமினோ அமிலம் அது. 1990களில் அதை விற்றவர்கள் கூடி விலை பேசியதை அமெரிக்கப் புலனாய்வுத் துறை ரகசியமாகப் பதிவு செய்தது. போட்டியாளர்கள் நண்பர்கள், வாடிக்கையாளர்களே எதிரிகள் என்ற பேச்சும் அதில் சிக்கியது. அதையும் அதே வகைச் சிட்ரிக் அமில வழக்கையும் சேர்த்து, லைசின் விற்றவர்களில் ஒன்றான ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லேண்ட் நிறுவனம் 1996இல் 10 கோடி டாலர் அபராதம் கட்டியது. எங்களுடையது சில்லறை விவகாரம்தான். ஆனாலும் மனநிலை அதே.

இன்னொன்று என்னைக் குழப்புகிறது. 1993இல் அமெரிக்க நீதித் துறை திருத்திய மன்னிப்புத் திட்டத்தின்படி, இப்படிக் கூடி விலை பேசியதை விசாரணைக்கு முன்பே முதலில் வந்து ஒப்புக்கொள்ளும் நிறுவனம், நிபந்தனைகளை நிறைவேற்றினால், குற்ற வழக்கிலிருந்து தப்பலாம். இரண்டாவதாக வருபவருக்கு அந்தச் சலுகை இல்லை. கூட்டாளிகளுக்குள் காட்டிக்கொடுக்கும் போட்டியை அரசே மூட்டிவிடுகிறது! கேட்கக் கூசுகிறது. ஆனால் மூடிய அறைக்குள் நடப்பதை வேறு எப்படி அறிவது?

கொள்முதல் பிரிவில் இருந்தவர்:

டெண்டர் உறைகளைப் பிரித்தவன் நான். ஒருமுறை இரண்டு நிறுவனங்களின் விலைப்புள்ளியிலும் ஒரே சொல்லில் ஒரே எழுத்துப்பிழை. மேலதிகாரியிடம் காட்டினேன். "குறைந்த விலைக்காரருக்குக் கொடு, விதி அவ்வளவுதான்" என்றார்.

அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். இத்தனை ஆண்டு அனுபவம், இன்ன வகை இயந்திரம் என்று நிபந்தனைகளை எழுதி, சிறிய நிறுவனங்களை வாசலிலேயே நிறுத்தியவர்கள் நாங்கள். மிஞ்சியவர்கள் இரண்டு பேர். இரண்டு பேர் பேசி முடிக்க ஒரு தேநீர் நேரம் போதும். ஆகவே எல்லாவற்றுக்கும் அரசு காவல் நிற்கட்டும் என்று யாராவது சொன்னால், அந்தக் காவல்காரர் எழுதிய நிபந்தனைகளை முதலில் படித்துப் பார்ப்பேன்.

அச்சகத்தில் இருந்தவர்:

எழுத்துப்பிழை என்றதும் வயிற்றைக் கலக்குகிறது. அந்த மாதிரித் தாளைப் பார்த்துத்தான் நான் தட்டச்சு செய்தேன். மெய்ப்புப் பார்த்த நினைவே இல்லை.