ஆற்றோரப் பூங்காவில் தன்னார்வலர் நாள்: உண்ணிச்செடி, நடவு, மாணவர் பகுதி – எப்படித் திட்டமிடுவது?

கரைவழி கேட்டது:

ஆற்றுப் பள்ளத்தாக்குப் பூங்கா ஒன்றில் மாதம் ஒரு காலை, மூன்று மணி நேரம் தன்னார்வலர் பணி நடத்தப்போகிறோம். சுமார் 30 பேர். பாதிப் பேர் 12 வயதுக்கு மேற்பட்ட மாணவர்கள். கரையில் ஏறத்தாழ 200 மீட்டருக்கு உண்ணிச்செடி (லாண்டானா என்ற அயல்நாட்டுப் புதர்) மண்டிக் கிடக்கிறது. அதை எடுத்துவிட்டு அந்த மண்ணுக்குரிய மரங்களை நட வேண்டும். மாணவர்கள் ஆற்றைப் பற்றிக் கற்கவும் வேண்டும். முதலில் மொத்தப் புதரையும் அழித்துவிடலாமா? மருந்து அடிக்கும் எண்ணம் இல்லை.

வேரடி:

மொத்தமாக அழிக்காதீர்கள். திரும்பி வந்து களையெடுக்க முடிகிற அளவு இடத்தை மட்டும் தொடுங்கள். வெட்டவெளியான மண்ணில் வெயில் பட்டதும் உதிர்ந்து கிடந்த விதையெல்லாம் முளைக்கும். ஆறு மாதம் கவனிக்காமல் விட்டால் முன்னைவிட அடர்த்தியாக நிற்கும்.

புதர் குறைவாகவும் நல்ல செடிகள் அதிகமாகவும் உள்ள பக்கத்தில் தொடங்கி, அடர்ந்த பக்கம் நகருங்கள். ஆஸ்திரேலியாவில் களையெடுத்து இயற்கைக் காட்டை மீட்ட பிராட்லி சகோதரிகள் கையாண்ட முறை இது. வெள்ளம் விதையையும் தண்டையும் கீழே இழுத்துப் போகும் என்பதால் மேல்நீர்ப் பக்கத்துக்கு முன்னுரிமை. முதல் நாளுக்கு 20 மீட்டர் குறித்தால் போதும்.

தண்டைத் தரைமட்டத்தில் வெட்டுவது வீண் வேலை, அடியிலிருந்து கொத்தாகத் தழைக்கும். தண்டும் ஆணிவேரும் சேருகிற தடித்த பகுதியில்தான் துளிர்மொட்டுகள் இருக்கின்றன. ஒருவர் புதரைச் சாய்த்துப் பிடிக்க, இன்னொருவர் குந்தாலியால் மண்ணுக்கு 3 முதல் 5 செ.மீ. கீழே வேரை வெட்ட வேண்டும். முழு வேரையும் தோண்ட வேண்டியதில்லை. சரிவில் தோண்டினால் அடுத்த மழையில் கரையே போய்விடும். எடுத்த புதரைத் தலைகீழாக வையுங்கள். ஈரமண்ணில் தண்டு பட்டால் அங்கேயே வேர்விடும்.

காய்ப்பதற்கு முன் எடுப்பது நல்லது. பறவைகள் பழம் தின்று எச்சமிடுவதால் பெரிய மரங்களின் அடியில் நாற்று கூட்டமாக முளைக்கும். மழை முடிந்ததும் அங்கே போய்க் கையால் பிடுங்குங்கள். ஈரமண்ணில் சாண் உயர நாற்று வேரோடு வந்துவிடும், மாணவர்களுக்கு ஏற்ற வேலை. குந்தாலி பெரியவர்கள் கையில் மட்டும். ஜோடிக்கு ஜோடி 3 மீட்டர் இடைவெளி விடுங்கள். நுழையுமுன் கோலால் தட்டி, பாம்போ பறவைக் கூடோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூடு இருந்தால் அந்தப் புதரை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

நாற்றங்கால்:

நடவில் ஒன்று சேர்க்கிறேன். நீர்விளிம்பில் ஒரு மீட்டர் அகலத்தைக் கடைசிவரை வெட்டாமல் வைத்திருங்கள். அங்கே மரம் வேண்டாம்; கோரை, நாணல், போத்து (நடுவதற்கு வெட்டிய கிளைத்துண்டு) வைத்தால் துளிர்க்கிற இனங்கள் போதும். போத்து 60 செ.மீ. நீளம், அடிமுனை சாய்வு வெட்டு, மொட்டு மேல்நோக்கி, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள். தலைகீழாக ஊன்றுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்கிற தவறு. அதனால் மேல்முனையில் சுண்ணாம்பு தடவிக் கொடுங்கள்.

மரக்கன்றுகள் கரைமேட்டில், மழைக்காலத் தொடக்கத்தில், நீளம், அகலம், ஆழம் மூன்றும் 45 செ.மீ. உள்ள குழியில். மேல்மண்ணைத் தனியே வைத்து வேரைச் சுற்றி அதையே போடுங்கள். பையைக் கிழித்ததும் வேர் சுருண்டிருக்கிறதா பாருங்கள். சுருளை நறுக்காமல் நட்டால் இரண்டு மூன்று ஆண்டு வளர்ந்து காற்றில் சாயும். தண்டும் வேரும் சேரும் கழுத்துப்பகுதி மண்ணில் புதையக்கூடாது. மூடாக்கு (மண்மேல் பரப்பும் சருகு) 5–8 செ.மீ., தண்டைத் தொடாமல் ஒரு கையகலம் தள்ளி. வெள்ளம் ஏறும் மட்டத்தில் பிளாஸ்டிக் குழாய்க்காப்பு போடாதீர்கள். குப்பை சிக்கிக் கன்றையே பிடுங்கிவிடும்.

நீர்ப்பூச்சி:

மாணவர்களுக்குச் சொற்பொழிவு வேண்டாம், வலையும் வெள்ளைத் தட்டும் கொடுங்கள். முழங்கால் ஆழத்துக்கு மிகாத, கூழாங்கல் உள்ள ஓட்டத்தில், வலையைக் கீழ்நீர்ப் பக்கம் தரையோடு பதித்து, அதற்கு மேல்நீர்ப் பக்கம் நின்று காலால் கற்களைக் கிளற வேண்டும். மொத்தம் 3 நிமிடம், கடிகாரம் வைத்து. வலைக்கண் 1 மி.மீ. அல்லது அதற்கும் சிறியது.

தட்டில் ஊற்றி ஒரு நிமிடம் அசையாமல் விட்டால் வண்டல் அடங்கி உயிர்கள் நகரத் தொடங்கும். இவை பெரும்பாலும் பறக்கும் பூச்சிகளின், நீரில் வாழும் இளம்பருவம். பெரும்பாலும் மூன்று வால், வயிற்றோரம் இலைபோலத் துடிக்கும் செவுள்: மேஃப்ளை. இரண்டே வால்: ஸ்டோன்ஃப்ளை. மணலை ஒட்டிக் கூடு கட்டி அதைச் சுமந்து நடப்பது கேடிஸ்ஃப்ளை. இந்த மூன்றிலும் பெரும்பாலான வகைகள் அசுத்தம் தாங்காதவை. சிவப்பு இரத்தப்புழு மட்டும் திரளாக இருந்தால் ஆக்சிஜன் குறைவாக இருக்கலாம். அதன் ஹீமோகுளோபின் அந்த நிலையிலும் தாக்குப்பிடிக்க உதவுகிறது.

அவசர முடிவு மட்டும் கூடாது. மெதுவாக ஓடும் சேற்றுப்பகுதியில் ஸ்டோன்ஃப்ளை இல்லாதது இயல்பு, அதைக் கழிவுநீர் என்று எழுதாதீர்கள். ஒரே இடம், ஒரே பருவம், ஒரே நிமிடக்கணக்கு இருந்தால்தான் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட முடியும். ஆக்சிஜன் அளந்தால் நேரத்தையும் குறியுங்கள். பாசியும் நீர்ச்செடியும் உள்ள நீரில் விடியலில் குறைந்து பிற்பகலில் ஏறும். எண்ணியதும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். வேறு நீர்நிலைக்குப் போகுமுன் வலையைக் கழுவி நன்றாகக் காயவைக்க வேண்டும், நோய்க்கிருமி அதோடு பயணம் செய்யும்.

மேல்நீர்ப் பக்கம் மழை பெய்திருந்தால் அன்று ஆற்றில் இறங்க வேண்டாம். கை கால் புண்ணை நீர் புகாதபடி மூடவேண்டும், எலிக்காய்ச்சல் கிருமி புண் வழியாக நுழையும்.

கரைவழி:

நன்றி. எடுத்த புதரை எரிக்கலாமா?

வேரடி:

வேண்டாம். தீ நல்ல நாற்றுகளையும் கொல்லும், திறந்த மண்ணில் உண்ணிச்செடியே முதலில் வரும். காய் உள்ள கிளைகளை முதலில் நறுக்கிச் சாக்கில் கட்டுங்கள். மீதியை வெள்ளமட்டத்துக்கு மேலே, பாறையிலோ இறுகிய தரையிலோ காயவிடுங்கள். இலை மாட்டுக்கு நஞ்சு, ஆகவே மேய்ச்சல் வழியில் குவிக்காதீர்கள். காய்ந்த முள்தண்டைக் கன்றுகளைச் சுற்றி வேலியாக வைக்கலாம். முழுதாகக் காய்ந்ததா என்று ஒரு தண்டை ஒடித்துப் பாருங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் இன்னும் இரண்டு வாரம்.