ரீசேர்ட்டில் ‘கலகம்’, ஐஸ்கிறீமில் கரி

மாங்குளம் பெடியன்:
எங்கள் கழகத்தின் கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி வாற சனிக்கிழமை. கறுப்பு ரீசேர்ட் அடிக்கக் கொடுத்தோம், நேற்றுத்தான் வந்தது. முதுகு முழுக்கப் பெரிய மஞ்சள் எழுத்தில் ‘விளையாட்டுக் கலகம்’ என்று கிடக்கிறது! கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டாராம். அந்த ஒரு எழுத்தை மட்டும் மாற்ற வழி இருக்கா? இன்னொன்று, கொழும்பில் இருந்து வந்து நிற்கிற மச்சான் அன்றைக்குக் கரி ஐஸ்கிறீம் விற்கலாம் என்கிறார், ரீசேர்ட்டும் கறுப்பு, ஐஸ்கிறீமும் கறுப்பு, படம் பிடித்துப் போட்டால் நல்லாயிருக்குமாம். வீட்டில் சிரட்டையைச் சுட்டு இடித்து அரித்துப் போடலாம் என்று வேறு சொல்கிறார். சாப்பிடலாமா அதை?

அச்சுக்காரன்:
முதலில் எழுத்தின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். தோல்மாதிரிக் கிளம்பினால் வினைல், சூட்டில் ஒட்டுகிற பிளாஸ்ரிக் தாள், சூடுகாட்டி உரிக்கலாம், ஆனால் பசை நிற்கும். கிளம்பாவிட்டால் ஸ்கிறீன் பிரிண்ட், மை துணிக்குள் இறங்கிவிட்டது, தின்னர் கின்னர் போட்டுத் தேய்த்து உள்ளதையும் கெடுக்காதீர்கள். எதுவானாலும் சுகமான வழி ஒன்று இருக்கிறது: ‘ல’ அளவுக்குக் கறுப்பு வினைல் துண்டு வெட்டி, அதற்கு மேலே மஞ்சளில் ‘ழ’ வைத்து அழுத்துவது. கறுப்புத் துணியில் கறுப்புத் துண்டு, நாலடி தள்ளி நின்றால் தெரியாது. பொலியெஸ்டர் துணி என்றால் சூட்டைக் குறைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சதுரமாகப் பளபளக்கும்.
பிழை வந்த இடம் அநேகமாகப் போன். பாமினி விசைப்பலகையில் ழவும் லவும் தள்ளித் தள்ளி இருக்கு, கைதவறி லேசில் மாறாது. ஆங்கில எழுத்தில் தட்டினால்தான் கலகம் முதலில் வந்து நிற்கும். இனி எழுத்தாக அனுப்பாமல் படமாக அனுப்புங்கள்.

வவுனியா அக்கா:
நான் என்றால் மாற்றவே மாட்டேன், எதிர் அணி ரீசேர்ட்டைப் பார்த்தே பாதிப் பயத்தில் நிற்கும். போன வருசம் சந்தையில் மகனுக்கு வாங்கிய ரீசேர்ட்டில் ‘பெஸ்ட் பிரெண்ட்’ என்று இருக்க வேண்டியது, ஆங்கிலத்தில் ஆர் எழுத்து விழுந்து ‘பீண்ட்’ ஆகி, நண்பன் பேயாகிவிட்டது. அவனுக்கு அதுதான் பிடிக்கும், கழற்றவே மாட்டான்.

மருந்துக்கடைக்காரி:
தம்பி, வீட்டில் சுடுகிற சிரட்டைக் கரி வேறு, நஞ்சு குடித்தவருக்குக் கொடுக்கிற ஆஸ்பத்திரிக் கரி வேறு. சிரட்டையைக் கரியாக்கி, பிறகு 800, 900 பாகைச் சூட்டில் நீராவி விட்டுத்தான் அதில் நுண்ணிய துளைகளை உண்டாக்குகிறார்கள். அப்படிச் செய்த ஒரு கிராமுக்குள் ஏறக்குறைய நாலு பரப்புக் காணியளவு, அதாவது ஆயிரம் சதுர மீற்றர் மேற்பரப்பு இருக்கும், நஞ்சு ஒட்டுவது அதில்தான். வீட்டில் சுடுகிறதில் அது வராது, சாம்பலும் புகையும்தான் மிச்சம்.
கடையில் வாங்கிய நல்ல கரி என்றாலும் எனக்கு விருப்பமில்லை. அது நஞ்சு எது மருந்து எது என்று பார்க்காது. பிரஷர்க் குளிசையோ கருத்தடைக் குளிசையோ போட்டவர் கிட்டடியில் அதைச் சாப்பிட்டால் மருந்து உடம்பில் சேராமல் போகலாம். உங்கள் போட்டிக்கு அப்புமாரும் வருவார்கள்தானே? நியூயோர்க் நகரத்தில் 2018 இல் கரி போட்ட சாப்பாட்டை விற்க வேண்டாம் என்று கடைகளை மறித்தார்கள். ஐரோப்பாவில் ஈ153 என்று நிறத்துக்காக விடுகிறார்கள், அது வெறும் நிறம்தான், உடம்பைக் ‘கழுவும்’ என்கிற கதைக்கு ஆதாரம் கிடையாது. ஆஸ்பத்திரியில் பெரியவர் ஒருவருக்கு 50 கிராம் அளவில் கரைத்துக் கொடுப்பார்கள், அதுவும் நேரத்தோடு வந்தால்தான். குடித்த சாராயத்தை அது பிடிக்காது என்பதையும் மச்சானிடம் சொல்லி வையுங்கள், அடுத்ததாக அதைத்தான் கேட்பார்.

மாங்குளம் பெடியன்:
கேட்டுவிட்டார் அக்கா. சுரண்டியும் பார்த்தோம், வினைல்தான், கிளிநொச்சியில் துண்டு வெட்ட ஆள் பிடித்தாச்சு. மச்சான் இன்னும் விடுகிறார் இல்லை, கறுப்பாக ஏதாவது வேண்டுமாம்.

மருந்துக்கடைக்காரி:
கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தில் போடச் சொல்லுங்கள். பெயரில் கறுப்பு இருக்கு, போதும்.