புயலில் விமானம் ரத்து: 400 யூரோ வராது, ஓட்டல் காசு வரும்

2024 ஜனவரியில் பிரான்சின் ரெயூனியன் தீவில் பெலால் புயல் அடித்தபோது நாங்கள் நாலு பேரும் பாரிசில் மாட்டிக்கொண்டோம். சித்தி பெண் கல்யாணம் முடிந்து அந்தத் தீவின் சென் தெனிக்குத் திரும்பவேண்டிய நாள். ஒர்லி விமான நிலையத்தில் விமான நிறுவனத்தின் கவுண்டரில் இருந்த பெண், "புயலுக்கு நாங்கள் பொறுப்பில்லை, ரூமை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

அதில் பாதிதான் சரி. ஐரோப்பிய விதி 261/2004-இன்படி பாரிசிலிருந்து ரெயூனியன் போகும் விமானம் ரத்தானால் தலைக்கு 400 யூரோ நஷ்ட ஈடு. புயல் என்றால் அது கிடையாது. ஆனால் மாற்று விமானம் வரும்வரை சாப்பாடு, ஓட்டல், அங்கே போய்வர வண்டி எல்லாம் விமான நிறுவனத்தின் பொறுப்பு. 2010 ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பல் வழக்கிலேயே, இதற்கு நாள் கணக்கும் இல்லை, பண வரம்பும் இல்லை என்று 2013-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது.

டிக்கெட் பணத்தைத் திருப்பித் தரட்டுமா என்று கேட்டார்கள். வாங்கியிருந்தால் ஓட்டல் பொறுப்பு அத்தோடு முடிந்திருக்கும். மாற்று விமானமே போதும் என்றோம். மூன்று இரவு, சாதாரண ஓட்டல். ரசீதுகளை அன்றன்றே போட்டோ எடுத்து வைத்தேன். நல்லவேளை, ஒரு மாதத்தில் பாதி ரசீது வெளுத்துப்போய் வெறும் காகிதமாகிவிட்டது. இரண்டு கடிதம் போட்டபிறகு பணம் வந்தது. வீட்டுக்காரர் குடித்த இரண்டு பியரை மட்டும் கழித்துக்கொண்டார்கள். அது நியாயம்தான்!

*

மொரீசியசிலிருந்து நான். மேலே எழுதிய அக்கா சொல்வது எங்களுக்குப் பாதிதான் பொருந்தும். ரெயூனியனிலிருந்து கிளம்பினால் எந்த நிறுவன விமானமானாலும் அந்த விதி உண்டு. இங்கே பிளேசான்ஸ் விமான நிலையத்திலிருந்து அங்கே போக, ஐரோப்பிய நிறுவன விமானமாக இருந்தால்தான் உண்டு.

நான் மாட்டியது ரெயூனியனிலிருந்து திரும்பும்போது. புயல் போய் மூன்று நாளாகிவிட்டது, வானம் பளிச்சென்று இருக்கிறது, மற்ற விமானங்கள் வரிசையாக ஏறுகின்றன. எங்களுடையது மட்டும் 'வானிலை' காரணமாக ரத்தாம். பூசத்துக்குக் காவடி எடுக்க வேண்டிய தம்பி விரதத்தோடு கூட இருந்தான், கடையில் அவனுக்கு வாழைப்பழம் தவிர எதுவும் ஆகவில்லை. காரணத்தை எழுத்தில் கேட்டேன். பத்து நாள் கழித்து, விமானி கிடைக்கவில்லை என்று பதில் வந்தது. அது புயல் கணக்கில் வராது, அதனால் இந்தத் தூரத்துக்கு 250 யூரோ கேட்டிருக்கிறேன். இன்னும் தரவில்லை. பிரான்ஸில் கேட்க 5 வருஷம் அவகாசம் இருக்கிறது, நானும் விடுவதாக இல்லை.