ஆலோசகரிடம் போனால் துப்பாக்கி பறிபோகுமா?

வெள்ளாற்றங்கரையான் கேட்டது:

இண்டியானாபொலிஸில் பதினோரு ஆண்டுகளாக வசிக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் அறுபதைக் கடந்த அமெரிக்கர். நாங்கள் குடிவந்த முதல் குளிர்காலத்தில், கேட்காமலே வந்து எங்கள் வாசற்பனியை அள்ளித் தள்ளியவர். சென்ற பிப்ரவரியில் அவருடைய மனைவி இறந்துவிட்டார். அதன்பின் அவர் சரியாக உண்பதில்லை. விடியும்வரை அவர் வீட்டில் விளக்கு எரிகிறது. "இனி யாருக்காக இருக்க வேண்டும்" என்று என்னிடமே இரண்டு முறை சொல்லிவிட்டார். மான் வேட்டைக்குப் போகிறவர் என்பதால் வீட்டில் நான்கு துப்பாக்கிகள் இருக்கின்றன.

மனநல ஆலோசகரைப் பாருங்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை. ஆனால், மருத்துவரிடம் வாய் திறந்த அன்றைக்கே போலீஸ் வந்து துப்பாக்கிகளை அள்ளிக்கொண்டு போகும் என்றும், போனவை திரும்பி வராது என்றும் உறுதியாகச் சொன்னார். காவல்துறையை அழைத்து அவரைப் பார்த்துவரச் சொல்லலாம் என்கிறார் என் மனைவி. ஆயுதம் உள்ள வீட்டு வாசலில் ஆயுதத்தோடு இருவர் இரவில் போய் நிற்பதை நினைத்தாலே எனக்குக் கலக்கமாக இருக்கிறது. உரிமம் இல்லாமல் துப்பாக்கியைத் தொட முடியாத ஊரில் வளர்ந்தவன் நான். இவருடைய அச்சத்தில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

வழக்குமன்றத்தான் எழுதியது:

உங்கள் அண்டைவீட்டார் இரண்டு வெவ்வேறு சட்டங்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்.

முதலாவது, 1968ஆம் ஆண்டின் கூட்டாட்சித் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம். நீதிமன்றமோ அதற்கு நிகரான அமைப்போ ஒருவரை மனநலக் குறைபாடு உடையவர் என்று தீர்மானித்திருந்தாலோ, கட்டாயத்தின் பேரில் அவர் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தாலோ, அவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். தாமாக முன்வந்து மருத்துவமனையில் சேர்வதும், கவனிப்பில் வைத்துப் பார்ப்பதற்காக மட்டும் அனுமதிக்கப்படுவதும் இந்தத் தடைக்குள் வராது என்று அதன் விதிகளே தெளிவாகக் கூறுகின்றன. அப்படியிருக்க, வாரம் ஒரு முறை ஆலோசகரின் எதிரில் அமர்ந்து மனைவியை இழந்த துயரத்தைப் பேசுவது எப்படித் தடையாகும்? துப்பாக்கி தனிமனிதரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் அறிவித்த 2008ஆம் ஆண்டின் ஹெல்லர் தீர்ப்பும்கூட, மனநோயாளிகள் தொடர்பான பழைய தடைகளைக் கேள்விக்கு உட்படுத்தவில்லை என்று சொல்லிவிட்டே மேலே செல்கிறது.

இரண்டாவது, சிவப்புக் கொடிச் சட்டம் என்று பொதுவாக அழைக்கப்படும் மாநிலச் சட்டம். அது உங்கள் நகரத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. இண்டியானாபொலிஸில் மனநலம் குன்றியிருந்த ஒருவரிடமிருந்து காவலர்கள் துப்பாக்கிகளை எடுத்துவைத்தார்கள். தொடர்ந்து வைத்திருக்கச் சட்டத்தில் இடமில்லாததால் திருப்பிக் கொடுத்தார்கள். 2004 ஆகஸ்டில் அதே மனிதர் ஜேக் லேர்டு என்ற காவலரைச் சுட்டுக் கொன்றார். மறு ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்துக்கு அந்தக் காவலருடைய பெயரே வழங்குகிறது. இதன்படி ஆபத்தானவர் என்று கருதப்படுபவரின் ஆயுதங்களைக் காவல்துறை எடுக்கலாம். ஆனால் நீதிமன்றம் குறுகிய காலத்துக்குள் விசாரணை நடத்த வேண்டும். ஆலோசகரைச் சந்தித்தார் என்பது மட்டுமே இதற்குக் காரணமாக முடியாது.

தெற்குத்தெரு எழுதியது:

மேலே ஐயா எழுதியவற்றில் பிழை எதுவும் இல்லை. ஆனால் ஏட்டில் இருக்கும் சட்டம் கதவைத் தட்டுவதில்லை, காவலர்தான் தட்டுகிறார். அந்தப் பெரியவரின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

ரோட் ஐலண்ட் மாநிலத்தின் கிரான்ஸ்டன் நகரில் மனைவியோடு சண்டையிட்ட ஒருவர், துப்பாக்கியை மேசையில் வைத்துத் தம்மைச் சுட்டுவிடும்படி சொன்னார். மறுநாள் அந்த அம்மையாரின் வேண்டுகோளின்படி வந்த காவலர்கள் அவரை மனநலப் பரிசோதனைக்குப் போகச் சொன்னார்கள். துப்பாக்கிகளை எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் தாம் ஒப்புக்கொண்டதாக அவர் கூறுகிறார். அவர் கிளம்பியதும் காவலர்கள் நீதிமன்ற ஆணை இன்றி வீட்டுக்குள் நுழைந்து அவற்றை எடுத்துச் சென்றார்கள். 2021 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும், பொதுமக்கள் நலன் காக்கும் பணி என்ற பெயரில் அப்படி வீட்டுக்குள் நுழைய முடியாது என்று ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். மேரிலாந்தில் சிவப்புக் கொடிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018 அக்டோபரில். அடுத்த மாதமே, அதிகாலை ஐந்தே கால் மணியளவில் உத்தரவைக் கொடுக்கப் போன இடத்தில், துப்பாக்கியோடு கதவைத் திறந்த வீட்டுக்காரர் காவலர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மனநலம் என்ற சொல்லையே தண்டனையாக்க முடியும் என்பதற்கு நியூயார்க் காவலர் ஏட்ரியன் ஸ்கூல்கிராஃப்டைவிட வேறு சான்று வேண்டாம். தம் காவல் நிலையத்தில் குற்றப் புள்ளிவிவரங்கள் திருத்தப்படுவதை அவர் இரகசியமாக ஒலிப்பதிவு செய்தார். 2009 அக்டோபர் 31 அன்று, பணி முடியும் முன்பே வீடு திரும்பியதைக் காரணம் காட்டி உயரதிகாரிகள் அவர் வீட்டுக்கே வந்து, விலங்கிட்டு இழுத்துச் சென்று, மனநோயாளி என்று ஆறு நாள் மருத்துவமனையில் அடைத்து வைத்தார்கள். பின்னர் நகர நிர்வாகம் 6 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. ஒரு காவலருக்கே இந்த நிலை என்றால்?

இந்த அவநம்பிக்கை கிராமத்து வெள்ளையர்களுக்கு மட்டும் உரியதும் அல்ல. காவலர்களைக் கண்காணிக்க ஓக்லண்ட் தெருக்களில் துப்பாக்கியோடு நடந்தவர்கள் கறுஞ்சிறுத்தைகள் என்ற கறுப்பின உரிமை அமைப்பினர். அவர்களைத் தடுக்கத்தான் 1967இல் கலிஃபோர்னியா ஆளுநராக இருந்த ரீகன், குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு பொது இடத்தில் நடமாடுவதைத் தடைசெய்யும் மல்ஃபோர்டு சட்டத்தில் கையெழுத்திட்டார்.

என் தம்பி மனஅழுத்தத்தில் தவித்த ஓர் இரவில், நாங்களே 911 என்ற அவசர உதவி எண்ணை அழைத்து மருத்துவ உதவி கேட்டோம். வந்தது கைவிலங்கு. அவன் அதன்பின் எந்த மருத்துவரிடமும் உண்மையைச் சொன்னதில்லை.

இரவுப்பணிச்செவிலி எழுதியது:

ஒஹாயோவில் மனநலப் பிரிவில் பணியாற்றுகிறேன். உங்கள் தம்பிக்கு நேர்ந்தது அநியாயம். அப்படி வாய் மூடிக்கொண்டவர்களை நான் நாள்தோறும் பார்க்கிறேன்.

ஆனால் இங்கே இன்னொரு உண்மையும் இருக்கிறது. 2021இல் இந்த நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தம்மைத்தாமே சுட்டுக்கொண்டவர்கள். அந்த எண்ணம் பலருக்குச் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். கையருகே துப்பாக்கி இருந்தால் அந்தச் சில மணி நேரம் கிடைப்பதில்லை. கனெக்டிகட் மாநிலத்தில் இத்தகைய பறிமுதல்களை ஆராய்ந்த டியூக் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஸ்வான்சன் குழுவினர், பத்து முதல் இருபது பறிமுதல்களுக்கு ஓர் உயிர் காப்பாற்றப்பட்டிருக்கலாம் என்று கணித்தார்கள். ஆகவே துப்பாக்கி சில காலம் கைக்கு எட்டாமல் இருப்பது உயிர் காக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதை எடுப்பவர் காவலராகத்தான் இருக்க வேண்டுமா என்பதே என் கேள்வி.

காவலர் எடுத்தாலும் வேலை முடிந்துவிடுவதில்லை. உங்கள் நகரிலேயே 2020 மார்ச்சில் ஒரு தாய் தம் மகனைப் பற்றி அஞ்சிக் காவல்துறையிடம் சொன்னார். அவனுடைய துப்பாக்கி எடுக்கப்பட்டது. குடும்பம் அதைத் திரும்பக் கேட்கவில்லை என்பதால் அரசு வழக்கறிஞர் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. தடை எதுவும் பதிவாகாததால் அவன் அதே ஆண்டில் சட்டப்படியே இரண்டு ரைஃபிள்கள் வாங்கினான். 2021 ஏப்ரலில் ஃபெடெக்ஸ் அஞ்சல் நிறுவனத்தின் கிடங்கில் எட்டுப் பேரைக் கொன்றான். அவர்களில் நால்வர் சீக்கியர்கள்.

வெள்ளாற்றங்கரையான் தம்பி, உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன அந்த வாக்கியத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்றே போங்கள். உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறீர்களா என்று நேராகவே கேளுங்கள்; கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. துப்பாக்கியை ஒப்படையுங்கள் என்று சொல்லாதீர்கள். மனம் தெளியும்வரை அவர் நம்பும் உறவினர் ஒருவர் பத்திரமாக வைத்திருக்கட்டும் என்று கேளுங்கள்; தம் பொருளைத் தாமே ஒருவரிடம் கொடுத்துவைப்பதில் அவருக்கு அவமானம் இல்லை. 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணில் அவரும் பேசலாம், எப்படிப் பேசுவது என்று நீங்களும் கேட்கலாம். துப்பாக்கியைக் கையில் எடுத்துவிட்டார் என்று தெரிந்தால் மட்டும் தயங்காமல் 911ஐ அழையுங்கள். வீட்டில் என்னென்ன இருக்கிறது, அவர் எந்த அறையில் இருக்கிறார் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

தெற்குத்தெரு எழுதியது:

அக்கா சொன்ன வழியை என் தம்பிக்கு யாராவது அன்று சொல்லியிருக்கலாம். அவர்கள் சொன்னபடியே செய்யுங்கள்.

வெள்ளாற்றங்கரையான் எழுதியது:

நேற்று மாலை போனேன். அக்கா சொன்னபடி நேராகவே கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, ஆமாம், இரண்டு இரவுகள் நினைத்தேன் என்றார். மன்சி நகரில் இருக்கும் அவருடைய அண்ணனை அவரே தொலைபேசியில் அழைத்தார். இன்று காலை அண்ணன் வந்து மூன்று துப்பாக்கிகளை எடுத்துச் சென்றார். நான்காவது அவருடைய தந்தை கொடுத்தது. அது வீட்டைவிட்டுப் போவதில் அவருக்குச் சம்மதமில்லை. அது இல்லாமல் சுட முடியாத போல்ட் என்ற பாகத்தைக் கழற்றி, குண்டுகளையும் சேர்த்து அண்ணனிடம் கொடுத்துவிட்டார்.

தாமாக முன்வந்து சேர்வது தடையாகாது என்ற விதியை அச்செடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். வியாழக்கிழமை பத்து மணிக்கு ஆலோசகரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறார்; நான் காரில் அழைத்துப் போகிறேன்.